வீட்டுக்குள் கூடாரம் போட்ட இயக்குநர்

2008இல் வெளிவந்த 'ட்ரீம்' படத்தின் படப்பிடிப்பில் ஒரு விபத்து. தூக்குக் காட்சியில் நடித்த நடிகை நிஜமாகவே சாவின் விளிம்புக்குப் போய்விட்டார். உயிர் பிழைத்துவிட்டார், ஆனால் இயக்குநர் கிம் கி-டுக்கால் அதைக் கடந்துவர முடியவில்லை. மலைப்பக்கம் ஒரு குடிசைக்குப் போய்த் தனியாக இருந்தார். குளிருக்கு வீட்டுக்குள்ளேயே கூடாரம் போட்டுத் தூங்கினார்.

சாதாரணப்பட்ட ஆளில்லை அவர். 1960இல் தென் கொரியாவின் போங்ஹ்வாவில் பிறந்து, சின்ன வயதிலேயே தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய், அப்புறம் கடற்படைப் பிரிவு, பாரிஸில் ஓவியம் என்று அலைந்து சினிமாவுக்கு வந்தவர். 2004இல் பெர்லின், வெனிஸ் இரண்டு விழாக்களிலும் சிறந்த இயக்குநர் விருது வாங்கியவர்.

அந்தக் குடிசை வாழ்க்கையைத் தானே படம்பிடித்து 2011இல் 'அரிராங்' என்று வெளியிட்டார். கேள்வி கேட்பவரும் அவர்தான், பதில் சொல்பவரும் அவர்தான். குடிக்கிறார், அழுகிறார், அழுததைத் திரையில் போட்டுப் பார்க்கிறார். நேரில் பார்க்காதவருக்கு நோயின் பெயரைச் சூட்டுவது மனநல ஆலோசகரான என் வேலைக்கு அழகில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன். ஆனால் அந்தக் கூடாரத்தை எனக்குத் தெரியும். விபத்தில் அடிபட்டவரைப் பார்க்க ஊரே பழத்தோடு போகும். 'என்னால்தான் நடந்தது' என்று நினைத்துக்கொண்டிருப்பவரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. "கொஞ்ச நாள் தனியா விடுங்க, சரியாயிடுவார்" என்பார்கள். தூக்கம் போய், குடி கூடி, நடந்ததையே திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்துவிட்டால் தனியாக விடக் கூடாது. சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே உதவி தேட வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

"வேலைக்குப் போக ஆரம்பிச்சிட்டார், இனிக் கவலையில்லை" என்பது இன்னொரு வசனம். கிம்மும் போனார். 2012இல் அவருடைய 'பியட்டா' படம் வெனிஸ் விழாவின் முதல் பரிசான தங்கச் சிங்கம் வென்றது. அடுத்த ஆண்டு வந்த 'மோபியஸ்' படப்பிடிப்பில் ஒரு நடிகையை அறைந்தார். 2017இல் அந்த நடிகை புகார் கொடுத்தார். அறைந்ததற்கு ஐம்பது லட்சம் வோன் அபராதம். பாலியல் புகார்களில் ஆதாரம் போதவில்லை என்று வழக்குத் தொடரப்படவில்லை. 2018இல் தொலைக்காட்சியில் மேலும் சில பெண்கள் குற்றம் சாட்டினார்கள். அவர் மறுத்தார், அவதூறு வழக்குப் போட்டார், தோற்றார்.

நடிப்புச் சொல்லிக்கொடுக்கத்தான் அறைந்தேன் என்பது அவர் தரப்பு விளக்கம். பிள்ளையை அடித்துவிட்டு என் எதிரே உட்காரும் அப்பாக்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார்கள். வலி பட்டவர் வலி கொடுக்க மாட்டார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அவரை நினைத்து வருத்தப்படலாம், அதற்காக அந்த நடிகையின் புகாரைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

2020 டிசம்பரில், அறுபது வயதாக ஒன்பது நாள் இருக்கும்போது, லாட்வியாவில் கோவிடால் இறந்தார். 'அரிராங்' படத்தை எப்போதாவது மறுபடி பார்ப்பேன். 'ட்ரீம்' படப்பிடிப்பில் செத்துப் பிழைத்த அந்த நடிகையைப் பற்றி அவர் அதில் பேசுகிறார். அந்தப் பெண் என்ன நினைத்தார் என்பதற்கு அதில் இடமில்லை.