கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு வைத்தியம்

குறுக்குத்துறையில் தாமிரபரணியில் இறங்கி, கழுத்தளவுத் தண்ணீரில் அரை மணி நேரம் நின்றவர்களுக்குத் தெரியும்: கரையேறியதும் ஒதுங்க இடம் தேட வேண்டியிருக்கும். “தண்ணி குளிர்ச்சில்லா, அதான்” என்பாள் ஆச்சி. அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதியால் இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியே பேர் வாங்கியது.

அந்த ஊரின் பெயர் பாத். நமக்குக் குற்றாலம் மாதிரி அவர்களுக்கு அது. ஆனால் அருவி இல்லை, சுமார் 46 டிகிரி சூட்டில் பொங்கும் வெந்நீர் ஊற்று. ஏழை நோயாளிகளுக்கென்று 1738-ல் நிறுவப்பட்டு 1742-ல் திறந்த அந்த ஆஸ்பத்திரிதான் பின்னாளில் வாத நோய்களுக்கான தேசிய மருத்துவமனை ஆனது. கைகால் முடங்கி வந்தவர்களைக் கழுத்துவரை வெந்நீரில் உட்காரவைத்தார்கள். வாரக்கணக்கில் இதே வேலை. பலர் தேறி வீட்டுக்குப் போனார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அப்படித் தேறியவர்களில் பலருக்கு இருந்தது வாதமே இல்லை, ஈய நஞ்சு. பெயிண்டிலும் மதுவிலும் ஈயம் கலந்திருந்த காலம். நரம்பு கெட்டு மணிக்கட்டு தொங்கிவிடும். கழுத்தளவுத் தண்ணீரில் இருக்கும்போது, நீரின் அழுத்தம் காலில் கிடக்கும் ரத்தத்தை நெஞ்சுக்குத் தள்ளுகிறது. இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. ரத்தம் அதிகமாகிவிட்டது என்று ஏமாந்த உடம்பு, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லிச் சிறுநீரகத்துக்கு ஹார்மோன் அனுப்புகிறது. ஈயமும் கூடவே போய்விடுகிறது. 1980-களில் ஆட்களைத் தண்ணீரில் உட்காரவைத்துச் சோதித்தபோது இது உறுதியானது. அருவிக்கு அடியில் நின்றால் இது நடக்காது. அங்கே தண்ணீர் நம்மை அடிக்கிறது, நாலு பக்கமும் அமுக்குவதில்லை.

சரி, நிஜமான சரவாங்கிக்கு, அதாவது முடக்குவாதத்துக்கு? எங்கள் சித்தி பீடி சுற்றுகிறவள். காலையில் மடியில் தட்டை வைத்து உட்கார்ந்தால் இலையை மடக்க விரல் வராது. ஒரு மணி நேரம் போனால்தான் இளகும். கிருமியோடு சண்டை போட வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள் மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதால் வரும் வீக்கம் அது. வெந்நீர் ஒத்தடம் வலியைத் தணிக்கும், சண்டையை நிறுத்தாது. சண்டையை அடக்குவது மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரைகள். அதையும் வாரத்துக்கு ஒரே நாள்தான் போட வேண்டும். மறதியில் தினமும் விழுங்கினால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். அதனால் சித்தி தினசரி காலண்டரில் புதன்கிழமைத் தாள்களின் மூலையை மட்டும் மடித்து வைத்திருக்கிறாள்.