சூடான பாறையில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

கோலார் தங்கவயலில் தங்கம் எடுத்து முடித்து விட்டிருந்த ஒரு பகுதியில், ஏறக்குறைய 1,000 மீட்டர் ஆழத்தில், 1980களில் வேறொரு வேலை நடந்தது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் பாறையைத் துளைத்து ஹீட்டர்களை இறக்கி, சூட்டில் அது என்ன ஆகிறது என்று ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். பெங்களூருவுக்குக் குடிவந்த தங்கவயல் தமிழர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால், "அங்கே அணுக்கழிவைப் புதைச்சுட்டாங்களாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சோதனையில் கழிவு இல்லை, ஹீட்டர்தான். தலைமுறை தலைமுறையாக அந்தப் பாறைக்குள் இறங்கி உழைத்தவர்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சரி, பாறையை ஏன் சூடாக்க வேண்டும்? அணு உலைக் கழிவைக் கண்ணாடியோடு உருக்கி எஃகு உருளையில் அடைத்த பிறகும் அதில் சூடு ஓயாது. அதில் சூடு தரும் முக்கியக் கதிரியக்கப் பொருள்களான சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 இரண்டுக்கும் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 30 ஆண்டுகள். அந்த உருளையை ஆழமான பாறைக்குள் புதைத்தால், சில நூற்றாண்டுகளுக்கு அது சுற்றியுள்ள பாறையைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். அந்தக் கழிவு வெளியே வர முக்கியமான வழி ஒன்றுதான்: தண்ணீர். உருளையை அரித்து, கண்ணாடியைக் கரைத்து, விரிசல் வழியாகச் சுமந்து போக அதனால் முடியும்.

அமெரிக்காவின் நெவாடாவில் உள்ள யுக்கா மலையில் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். அங்கே அணுக்கழிவுக் கிடங்குக்காகத் திட்டமிட்ட இடம் நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஏறக்குறைய 300 மீட்டர் மேலே இருக்கிறது. எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை. 1997 டிசம்பரில் ஒரு சுரங்கப்பாதையைச் சூடாக்கத் தொடங்கி, நான்கு ஆண்டுகளில் அதன் சுவரைச் சுமார் 200 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோனார்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதிக்கும். பாறைத் துளைகளில் இருந்த ஈரம் ஆவியாகி, விரிசல்கள் வழியே குளிர்ந்த பக்கம் தப்பியோடி, அங்கே மறுபடி நீரானது. சுரங்கத்தைச் சுற்றிக் காய்ந்த பாறை. அதற்கு வெளியே வழக்கத்தைவிட ஈரமான ஒரு வளையம். மேலிருந்து சொட்டும் நீர் சூடான தோசைக்கல்லில் தெளித்ததுபோல, சுவரைத் தொடும் முன்பே ஆவியாகிவிடும்.

கேட்க நிம்மதியாக இருக்கிறது. ஆனால் சூடு என்றைக்கும் நிற்காது. பாறை கொதிநிலைக்குக் கீழே ஆறும்போது அந்தத் தடுப்பு போய்விடும், தண்ணீர் திரும்ப வரும். அப்போது உதவுவது நுண்துளைகளின் பிடிப்பு: மெல்லிய துளைக்குள் இருக்கும் நீர், காலியான பெரிய குகைக்குள் எளிதில் சொட்டாமல் அதைச் சுற்றிக்கொண்டு வழியும். இதற்கிடையே விரிசலும் பழைய விரிசலாக இருக்காது. ஆவி குளிர்ந்து உருவான தூய நீர் பாறையின் சிலிக்காவைக் கரைக்கும். சூடான பக்கம் வழிந்து வந்து மறுபடி கொதிக்கையில் அதைப் படியவிட்டு வழியை அடைக்கும். என்னைக் கேட்டால், கணிக்க மிகவும் கடினமான பகுதி இந்த ஆறும் காலம்தான்.

இந்தப் பாடத்தை அப்படியே நம்மூருக்குக் கொண்டுவர முடியாது. தென்னிந்தியாவின் கருங்கல் பாறையில் 500 மீட்டர் ஆழம் போனால் நாம் நீர்மட்டத்துக்கு வெகு கீழே இருப்போம். அங்குள்ள நீரழுத்தத்தில் 260 டிகிரியைத் தாண்டினால்தான் தண்ணீர் கொதிக்கும். காய வைத்துத் தடுக்கும் வித்தை எடுபடாது. மாறாக, 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடான நீரின் பாகுத்தன்மை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. அதே விரிசலில், அதே அழுத்தத்தில், மூன்று மடங்கு வேகமாக ஓடும். சூடான நீர் லேசாகி மேலே ஏறவும் பார்க்கும். இதற்கு எதிராக, பாறை விரிந்து பல விரிசல்கள் நெருக்கப்படுவதும் உண்டு. எது வெல்லும் என்பது அந்தந்தப் பாறையைப் பொறுத்தது. தங்கவயலில் நடந்தது போன்ற சோதனை இதனால்தான் அவசியம்.

சுவீடன், ஃபின்லாந்து முறையில் செப்பு உருளையைச் சுற்றிப் பெண்டோனைட் களிமண்ணை வைக்கிறார்கள். அது நீரை உறிஞ்சி உப்பினால்தான் இடுக்குகள் அடைபடும். ஆக அங்கே கொஞ்சம் தண்ணீர் வரத்தான் வேண்டும். அளவுக்கு மீறிய சூடு களிமண்ணைக் கெடுக்கும் என்பதால் 100 டிகிரியைத் தாண்ட விடுவதில்லை.

சூட்டைக் குறைக்க மிக எளிய வழி காத்திருப்பது. மகாராஷ்டிராவின் தாராப்பூர் அணு வளாகத்தில் கண்ணாடிக் கழிவு உருளைகளைக் காற்றால் குளிரூட்டப்படும் அறையில் வைத்திருக்கிறார்கள். அவசரப்பட்டுப் புதைப்பதைவிட இதுவே மேல் என்பது என் கருத்து. சீசியமும் ஸ்ட்ரான்சியமும் தரும் சூடு 60 ஆண்டுகளில் கால் பங்காகிவிடும்.