வீட்டைக் காக்கும் 50 மில்லிமீட்டர் தண்ணீர்

பாத்ரூமில் சாக்கடை நாற்றம் அடித்தால் நம் கை முதலில் தேடுவது ஃபினாயில் பாட்டிலை. ஊற்றினால் ஒரு மணி நேரம் தாங்கும், அப்புறம் பழைய கதைதான். அடுக்குமாடி வீடுகளில் இந்த நாற்றத்துக்குத் தரை அழுக்கு காரணமாக இருப்பது குறைவு. கட்டடத்தின் கழிவுக் குழாய்க்குள் இருக்கும் காற்று எங்கோ ஒரு வழி கிடைத்து வீட்டுக்குள் வருகிறது. அந்த வழியை அடைத்து வைத்திருக்க வேண்டியது கொஞ்சம் தண்ணீர். அது ஏன் இல்லாமல் போனது என்று பார்ப்பதுதான் சரியான ரிப்பேரின் தொடக்கம்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு பாத்ரூம் தரையில் இருக்கும் ஜாலியைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் பளபளத்தால் நல்லது. அதுதான் ஃப்ளோர் ட்ராப், நம்மூர் பிளம்பர்கள் நாணி ட்ராப் என்பார்கள். ஊற்றும் நீர் வளைவில் இறங்கி, மறுபக்கம் ஏறி, வழிந்து குழாய்க்குள் போகிறது. கடைசியாக வந்த நீர் வளைவிலேயே தங்கிவிடும். சுமார் 50 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நிற்கும் அந்த நீரைத் தாண்டிக் காற்றும் வராது, கரப்பான் பூச்சியும் வராது. இதைத்தான் நீர்ப்பூட்டு என்கிறோம். டாய்லெட் கோப்பையில் எப்போதும் தண்ணீர் நிற்பதும் இதற்காகவே. லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் கம்மிங் 1775-இல் கழிப்பறைக்கான வளைகுழாய்க்குக் காப்புரிமை வாங்கினார். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத அந்த ஏற்பாடு இன்றுவரை மாறவில்லை.

ஜாலிக்குக் கீழே தண்ணீருக்குப் பதிலாக இருட்டுக் குழாய் மட்டும் தெரிந்தால், பல வீடுகளில் காரணம் ஒன்றுதான். சில ட்ராப்களில் கழற்றி மாட்டும் ஒரு கப் இருக்கும். தலைமுடியும் சோப்புப் பிசுக்கும் அதில் சேர்ந்து தண்ணீர் மெதுவாக இறங்க ஆரம்பிக்கும். அவசரத்தில் யாரோ கப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருப்பார்கள். தண்ணீர் சர்ரென்று இறங்கும், வீட்டில் எல்லோருக்கும் திருப்தி. ஆனால் கப் போனதோடு நீர்ப்பூட்டும் போய்விட்டது. அதைத் தேடி எடுத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டுங்கள். உடைந்திருந்தால் கடையில் அதே அளவில் கிடைக்கும். சமையலறை சிங்க்கின் அடியிலும் குனிந்து பாருங்கள். நெளிவு பைப் நேராகச் சுவருக்குள் போயிருந்தால், நடுவில் ஒரு பாட்டில் ட்ராப் போடச் சொல்லுங்கள்.

ட்ராப் சரியாக இருந்தும் தண்ணீர் காய்ந்துபோவது உண்டு. கோடை விடுமுறைக்குப் பூட்டிவிட்டுப் போன வீட்டைத் திறந்ததும் குப்பென்று அடிக்கும் நாற்றம் இதனால்தான். விருந்தினர் அறை பாத்ரூமிலும் இப்படி ஆகும். வாரம் ஒரு முறை ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும். மாதக்கணக்கில் பூட்டப் போகிறீர்கள் என்றால், தண்ணீர் ஊற்றியபின் அதன் மேல் இரண்டு கரண்டி எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மிதந்து மூடிக்கொள்வதால் நீர் ஆவியாவது வெகுவாகக் குறையும்.

மூன்றாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது, அதனாலேயே அதிகம் தவறாகக் கையாளப்படுவது: குழாய்க்குள் காற்றழுத்தம். 50 மில்லிமீட்டர் தண்ணீர் தாங்கக்கூடிய அழுத்த வேறுபாடு சுமார் 490 பாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய 200-இல் ஒரு பங்கு. அதற்குமேல் குழாய்க்குள் இழுவையோ தள்ளலோ ஏற்பட்டால் பூட்டு உடையும்.

மேல் மாடியில் ஒருவர் ஃப்ளஷ் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்துக் குழாயில் அந்த நீர் கட்டியாக விழுவதில்லை. குழாயின் உட்சுவரை ஒட்டிப் படலமாகப் பரவி இறங்குகிறது, நடுவில் காற்று நிற்கிறது. சுவரின் உராய்வு காரணமாக ஓரிரு மாடி இறங்குவதற்குள் வேகம் நிலைபெற்றுவிடும். அதற்குப் பிறகு எத்தனை மாடி இருந்தாலும் வேகம் கூடாது. ஆனால் இறங்கும் நீர் நடுவிலுள்ள காற்றையும் சேர்த்துக் கீழே இழுக்கிறது. இழுபட்ட காற்றுக்கு ஈடாக மேலிருந்து காற்று வர வேண்டும். மொட்டைமாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் வென்ட் பைப் அதற்குத்தான். அதன் வாயைச் சிமெண்ட் வைத்து அடைத்தாலோ, மாடியில் ஷெட் போடும்போது வெட்டி மூடினாலோ, குழாய்க்குள் அழுத்தம் குறையும். ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவதுபோல் அது பக்கத்து வீடுகளின் ட்ராப்பில் நிற்கும் நீரை இழுத்துக்கொள்ளும். பாத்ரூமில் யாருமே இல்லாதபோது 'களக் களக்' என்று சத்தம் கேட்டால் இதைச் சந்தேகியுங்கள். வென்ட் வழியாகக் கொசு வருகிறது என்றால் நைலான் வலையைக் கட்டுங்கள், அதில் படியும் தூசியை அவ்வப்போது தட்டுங்கள். அடைக்க மட்டும் வேண்டாம்.

தரைத்தள வீட்டுக்காரர்களின் சிக்கல் நேர் எதிரானது. செங்குத்துக் குழாய் கீழே கிடையாகத் திரும்பும் இடத்தில் நீரின் வேகம் குறைந்து தேங்கும். அங்கே காற்று நெருக்கப்பட்டு மேல்நோக்கித் தள்ளும். மேல் வீட்டு வாஷிங் மெஷின் நுரை கீழ் வீட்டு ஜாலி வழியாகப் பொங்குவது இதனால்தான். இதற்காக மேல்வீட்டு அக்காவோடு சண்டை போட்டுப் பயனில்லை. தரைத்தளத்தின் கழிவு லைனைப் பொதுக் குழாயில் சேர்க்காமல், வெளியே தரையில் மூடி போட்டிருக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கு, அதாவது சேம்பருக்கு, தனியாகக் கொண்டுபோவதுதான் தீர்வு.

இந்த நீர்ப்பூட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2003 மார்ச்சில் ஹாங்காங் கண்டது. அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏப்ரல் 15-க்குள் 321 பேருக்கு சார்ஸ் என்ற கடுமையான மூச்சு நோய் தொற்றியிருந்தது. அவர்களில் சுமார் 41 சதவீதத்தினர் 'இ' பிளாக் என்ற ஒரே கட்டடத்தில் வசித்தவர்கள். வயிற்றுப்போக்கோடு இருந்த ஒரு நோயாளி அங்கே வந்து தங்கிப் போயிருந்தார். சுகாதாரத் துறையின் விசாரணையில் தெரியவந்தது நமக்கும் பழக்கமான விஷயம். மக்கள் பாத்ரூம் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் மாப் போட்டே துடைத்துவந்ததால் பல வீடுகளின் ஃப்ளோர் ட்ராப் காய்ந்து கிடந்தது. கதவை மூடி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும், அது வெளியேற்றிய காற்றுக்கு ஈடாகக் கழிவுக் குழாயின் காற்று வைரஸ் கலந்த நுண்துளிகளோடு உள்ளே வந்தது. ஃபேன் அதையே வெளியே கட்டடச் சுவர்களுக்கு நடுவில் உள்ள ஷாஃப்ட் என்ற திறந்த இடைவெளிக்குள் தள்ள, அங்கிருந்து வேறு மாடிகளுக்கும் பரவியது என்பதே விசாரணையின் முடிவு. நான்காவது மாடியில் வென்ட் பைப் விரிசல் விட்டிருந்ததும் தெரியவந்தது. ட்ராப்பில் தண்ணீர் நின்றிருந்தால் சாதாரண பாத்ரூம் ஃபேன் அதை அசைத்திருக்க முடியாது. நம் வீடுகளிலும் இப்போது மாப் பழக்கம் வந்துவிட்டதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

அடைப்பு எடுக்கும்போது ஆசிட்டை நாடாதீர்கள். டாய்லெட் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன பாத்ரூமில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். காஸ்டிக் சோடா நீரில் கரையும்போது கொதிக்கக் கொதிக்கச் சூடாகி பிவிசி குழாயை இளக்கிவிடக்கூடும். முதல் நாள் மருந்து ஊற்றியதைச் சொல்லாமல் மறுநாள் பிளம்பரைக் குழாய்க்குள் கையை விடச் சொல்வது பெரிய கொடுமை. ரப்பர் பம்ப், அதற்கும் மசியாவிட்டால் ஸ்ப்ரிங், இரண்டும் போதும். வேலை முடிந்ததும் காசு கொடுப்பதற்குமுன் ஒரு சோதனை: மேல் வீட்டில் ஒரு வாளித் தண்ணீரை டாய்லெட்டில் வேகமாக ஊற்றச் சொல்லி, உங்கள் ட்ராப்பில் டார்ச் அடியுங்கள். நீர்மட்டம் லேசாக ஆடி நின்றால் சரி. குறைந்துபோனாலோ குமிழி வந்தாலோ வென்ட்டைப் பார்க்காமல் அவரை அனுப்பாதீர்கள்.

அந்த 50 மில்லிமீட்டர் தண்ணீர் வீட்டுக்கு வெளியே நிறுத்தி வைக்கும் வாயு, கீழே செப்டிக் டேங்கில் முழு வீரியத்தோடு இருக்கிறது. அதில் உள்ள ஹைட்ரஜன் சல்பைடு மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டைபோல் நாறும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கும்போது மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். சில நூறு பங்கு உயிரைப் பறிக்கும். மூடியைத் திறந்து நாற்றம் இல்லை என்று பார்த்து ஆளை இறக்குவது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்தே தெரியும். ஒருவர் மயங்கி விழ, காப்பாற்றக் குதித்த அடுத்தவரும் இறந்த செய்தி நம் ஊர்களில் ஓயவேயில்லை. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரை டேங்கிலோ சாக்கடையிலோ இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இத்தகைய சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. எந்தத் தொகையும் ஒரு குடும்பத்துக்கு ஈடாகாது. உங்கள் குடியிருப்போர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானம் போடுங்கள்: டேங்க்கைச் சுத்தம் செய்ய உறிஞ்சு லாரி மட்டுமே வரும், எந்த அவசரத்திலும் ஆள் இறங்கக் கூடாது. சேம்பர் மூடிக்குப் பக்கத்துச் சுவரில் இதை வாட்ச்மேனும் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.