எதையாவது விட்டுவிட்டாயா என்று அதனிடமே கேட்காதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. புராஜெக்ட் பாதி ஓடிய பிறகு கூப்பிடுகிறார்கள். "ரெக்வயர்மென்ட் லிஸ்ட்டை ஏஐ வைத்து எடுத்தோம், எங்கேயோ இடிக்கிறது, கொஞ்சம் பாருங்கள்." கட்டப்போகும் சாஃப்ட்வேர் என்னென்ன செய்ய வேண்டும் என்று கிளையண்ட் கேட்பவற்றின் பட்டியல்தான் அது.

போய்ப் பார்த்தேன். 140 பக்க டாகுமென்ட், பழைய மீட்டிங் மினிட்ஸ், இப்போதிருக்கும் சிஸ்டத்தின் கையேடு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு எக்செல்லில் 212 வரி எடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் எண், தலைப்பு, முன்னுரிமை. கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

47-வது வரியில் வில்லங்கம். "பணத்தைத் திருப்பித் தருமுன் மேலாளர் ஒப்புதல் பெற வேண்டும்." டெவலப்பர்கள் இரண்டு வாரம் உட்கார்ந்து ஒப்புதல் திரை, மெயில், நினைவூட்டல் எல்லாம் கட்டிவிட்டார்கள். டெமோவில் கிளையண்ட் மேடம் கேட்டார்: "இதை நாங்கள் அடித்துவிட்டோமே?" மூல வேர்டு ஃபைலைத் திறந்தால், அந்த வரியின் குறுக்கே சிவப்புக் கோடு. வெறும் எழுத்தாக மாற்றியபோது கோடு போய்விட்டது, வரி தங்கிவிட்டது. ஏஐ பாவம், கைக்கு வந்ததைப் படித்தது.

இதுகூடப் பரவாயில்லை. எனக்கு எரிச்சல் மூட்டுவது வேறு. "சரிபார்த்தீர்களா?" என்றேன். "பார்த்தோமே! எதையாவது விட்டுவிட்டாயா என்று அதனிடமே கேட்டோம். இன்னும் ஆறு சேர்த்துக் கொடுத்தது. மறுபடி கேட்டோம், எல்லாம் வந்துவிட்டது என்றது."

நிதானமாகச் சொல்கிறேன். "எல்லாம் வந்துவிட்டது" என்ற பதிலும் அது எழுதுகிற இன்னொரு வாக்கியம்தான். டாகுமென்ட்டை ஒரு கையிலும் லிஸ்ட்டை இன்னொரு கையிலும் வைத்து வரி வரியாக டிக் அடித்துவிட்டு அது அப்படிச் சொல்லவில்லை. ஃபைல் பெரிதாக இருந்தால் பல கருவிகள் தேடலில் அகப்பட்ட துண்டுகளை மட்டுமே அதற்குக் கொடுக்கின்றன. கண்ணிலேயே படாத பக்கத்தை விட்டுவிட்டோம் என்று அதற்கு எப்படித் தெரியும்? முழுவதையும் கொடுத்தாலும் தீராது. நீண்ட உரையின் நடுவில் கிடக்கும் தகவலை ஏஐ மாடல்கள் தவறவிடுகின்றன என்று 2023-இலேயே ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் முன்னின்று செய்த ஆய்வு காட்டியது. பிறகு வந்தவை தேறியிருக்கலாம். ஆனால் நம் டாகுமென்ட்களில் விதிவிலக்குகள் ஒளிந்திருப்பதே நடுப்பக்கத்திலும் பின்னிணைப்பிலும்தான்.

சரி, அந்த ஆறு? "விட்டுவிட்டாயா" என்று கேட்டால், ஏதோ விட்டிருக்க வேண்டும் என்று நாமே சொல்லிக் கொடுத்த மாதிரி. அதுவும் எங்கிருந்தாவது கொண்டுவந்து வைக்கும். ஆறில் ஒன்று, "சிஸ்டம் 99.9 சதவீத நேரம் இயங்க வேண்டும்." எல்லா ஃபைலிலும் தேடினேன், கிடையாது. உலகத்தில் உள்ள பாதி டாகுமென்ட்களில் இருக்கும் வரி என்பதால் இதிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. 99.9 என்றால் வருஷத்துக்கு 8.76 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. அதற்குரிய சர்வர் செலவை யார் கொடுப்பது? டெஸ்டிங் ஆட்கள் அதற்கு டெஸ்ட் கேஸே எழுத ஆரம்பித்திருந்தார்கள்.

சரிபார்ப்பு எதிர்த்திசையில் நடக்க வேண்டும். டாகுமென்ட்டின் முன்னால் ஒரு பகுதி, நடுவில் ஒன்று, பின்னிணைப்பில் ஒன்று எடுங்கள். லிஸ்ட்டைப் பார்க்காமல் நீங்களே பேனா வைத்துக் குறியுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். அரை நாள் வேலை. இரண்டு மூன்று விட்டுப்போயிருந்தால், மொத்தத்தையும் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து மறுபடி ஓட்டுங்கள்.

ஒவ்வொரு வரிக்கும் மூல வாக்கியத்தை மாற்றாமல், ஃபைல் பெயர், பக்க எண்ணோடு கேளுங்கள். கேட்டதோடு விடாதீர்கள், அந்த வாக்கியத்தை ஃபைலில் தேடுங்கள். மேற்கோளையும் அது இட்டுக்கட்டும். அகப்படாதவை தனி ஷீட்டுக்குப் போகட்டும், கிளையண்ட் பதில் சொல்லும்வரை டெவலப்பர் கண்ணில் படக்கூடாது.

வினைச்சொல்லைப் பாருங்கள். மூலத்தில் "பரிசீலிக்கலாம்" என்றிருந்தது லிஸ்ட்டில் "வேண்டும்" ஆகியிருக்கும். இந்த வித்தியாசத்துக்காகவே 1997-இல் இணையத் தரங்களை எழுதுகிறவர்கள் ஆர்எஃப்சி 2119 என்று ஓர் ஆவணம் எழுதி மஸ்ட் (கட்டாயம்), ஷுட் (பரிந்துரை), மே (விருப்பம்) ஒவ்வொன்றுக்கும் பொருள் வரையறுத்தார்கள். சுருக்கும்போது ஏஐ மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிடும்.

இரண்டு ஃபைல்கள் முரண்பட்டால் சமாதானம் செய்துவைக்காதே, இரண்டையும் அப்படியே காட்டு என்று ஏஐக்குக் கொடுக்கும் கட்டளையிலேயே (பிராம்ப்ட்) சொல்லுங்கள். ஸ்கேன் செய்த பக்கம், பெரிய அட்டவணை, அடிக்குறிப்பு இருந்தால் எழுத்தாக மாறி வந்ததை முதலில் உங்கள் கண்ணால் படியுங்கள். பழைய கையேடு பழைய சிஸ்டம் என்ன செய்தது என்று சொல்லும், அவ்வளவுதான். கிளையண்ட்டின் ஃபைலை வெளிக்கருவியில் ஏற்ற அனுமதி இருக்கிறதா என்று கேட்டீர்களா? எழுத்தில் வாங்குங்கள். இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த 212-இல் கடைசியில் 131 தேறியது. மேடத்தோடு ஒரு மணி நேரம் பேசியதில் புதிதாக ஒன்பது வந்தது, ஒன்றுகூட எந்த ஃபைலிலும் இல்லை. மாதக் கடைசி நாளில் ரீஃபண்ட் போடக்கூடாது என்பது அதில் ஒன்று. அவர்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் எழுதிவைக்கவில்லை. லிஸ்ட் டெவலப்பரிடம் போகுமுன் அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள், தயவுசெய்து.