தள்ளும் கூரை, தாங்கும் சுவர்

சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்தைப் பற்றிப் பேசினால், ராபர்ட் கிளைவின் திருமணம் அங்கே நடந்த கதையைத்தான் பலரும் சொல்வார்கள். அந்த ஆலயத்தின் உண்மையான அதிசயம் அதன் கூரை.

1672-ல் பக்கத்துச் சாந்தோமைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள்; 1674-ல் டச்சுக்காரர்கள் அதைப் பறித்தார்கள். அடுத்த குண்டு யார் தலையில் விழும் என்று தெரியாத காலம். அப்போதுதான், 1678-ல், ஆளுநர் ஸ்ட்ரெயின்ஷம் மாஸ்டர் கோட்டைவாசிகளின் நன்கொடையில் ஆலயப் பணியைத் தொடங்கினார். 1680 அக்டோபர் 28-ல் பிரதிஷ்டை நடந்தது. இந்தியாவின் மிகப் பழைய ஆங்கிலிக்கன் ஆலயம் இதுவே.

மர உத்திரம் போட்ட கூரையில் பீரங்கிக் குண்டு விழுந்தால் உடையும், தீப்பற்றும். ஆகவே கூரைக்கு மரமே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஆனால் செங்கல்லுக்கு ஒரு குணம் உண்டு: அழுத்தினால் தாங்கும், இழுத்தாலோ வளைத்தாலோ எளிதில் பிளந்துவிடும். அதைத் தட்டையாகப் பரப்பி அகலமான கூரை போட முடியாது. அரைவட்டமாக வளைத்துக் கட்டினால் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அழுத்தி நிற்கும்; இழுவிசைக்கு இடமே இருக்காது. நடுக்கூடம் ஒன்று, பக்கக்கூடங்கள் இரண்டு. மூன்றுக்கும் இப்படி வளைந்த கூரைகள், கனம் இரண்டடி.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வழுக்குத் தரையில் காலை அகட்டி நிற்பவருக்குப் பாதங்கள் வெளிப்பக்கம் நழுவுவதைப் போல, வளைவுக் கூரையும் தன் அடிகளை வெளியே தள்ளும். அதுவும் ஓரிரு இடங்களில் அல்ல, சுவரின் நீளம் முழுக்க. நடுக்கூரை வெளியே தள்ள, பக்கக்கூரைகள் எதிர்த்துத் தள்ளுகின்றன. உள்வரிசைத் தாங்கிகளின் மேல் இரு விசைகளும் பெருமளவு கழிந்துவிடும். மிஞ்சியதெல்லாம் வெளிச்சுவருக்கு வந்து சேரும். அங்கே எதிர்த்துத் தள்ள ஆளில்லை. எடை மட்டுமே காப்பு. கனத்த சுவரின் பாரம் சாய்வாக வரும் விசையைக் கீழ்நோக்கித் திருப்பி, சுவரின் கனத்துக்குள்ளேயே அடித்தளத்தில் இறக்கிவிடுகிறது.

வெளிச்சுவர்கள் நான்கடி கனம் இருப்பதைப் பார்ப்பவர்கள் குண்டைத் தடுக்கத்தான் என்று நினைப்பார்கள். குண்டே விழாவிட்டாலும் அந்தக் கனம் தேவை; நாள்தோறும் அது தடுத்து நிறுத்துவது தன் கூரையை.

சுண்ணாம்புச் சாந்துக்கும் இதில் பங்குண்டு. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து அது மெல்ல இறுகுவதால், புதிய கட்டடம் சிறிதளவு அமிழ்ந்தாலும் வளைவு பிளக்காமல் ஈடுகொடுக்கும்.

1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டது. பிப்ரவரி வரை குண்டுகள் பொழிந்தன. கோட்டைக்குள் வீடுகள் பல சிதைந்தன; ஆலயத்தின் வளைவுகள் விழவில்லை.