497-ஆவது டிக்கில் விழுந்த விரல்

குன்னூரில் தேவாலயப் பாடகர் குழுவைப் பழக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "கீபோர்டில் வாசித்துப் பதிவு செய்தேன். கேட்க நன்றாக இருக்கிறது. அதையே நொட்டேஷனாக அச்செடுத்தால் தாள் முழுக்கக் கொசு மொய்த்த மாதிரி ரெஸ்ட். மியூஸ்கோர் மாதிரி ஒன்றைப் பழகவா, சீக்வென்சரைப் பழகவா?"

மியூஸ்கோர் நொட்டேஷன் எழுதும் மென்பொருள், சீக்வென்சர் வாசித்ததைப் பதிந்து திருப்பி வாசிக்கும் மென்பொருள், ரெஸ்ட் என்பது தாளில் மௌனத்தைக் காட்டும் குறி. கோளாறு மென்பொருளில் இல்லை டீச்சர். கோத்தகிரிக் குளிரில் நானும் வாசித்துப் பார்த்தேன், அதே கொசு.

கீபோர்டு கணினிக்கு அனுப்புவது ஒலியை அல்ல, மிடி என்ற குறிப்பை. 1983-இல் வந்த ஏற்பாடு. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள், அவ்வளவுதான். கீபோர்டின் நடுவில் இருக்கும் ஸி கட்டைக்கு எண் 60. சீக்வென்சர் ஒவ்வொன்றுக்கும் நேரத்தையும் குறித்துக்கொள்கிறது. வேடிக்கை இந்த நேரத்தில்தான் இருக்கிறது.

ஒரு கிராட்செட்டை, அதாவது இங்கே ஒரு பீட் நீளும் நோட்டை, பெரும்பாலும் டிக் என்ற 480 நேரத் துண்டுகளாக வெட்டுவார்கள். நிமிடத்துக்கு 60 கிராட்செட் வேகத்தில் ஒரு டிக் சுமார் 2 மில்லி செகண்ட். முதல் பீட் 0-இல் என்றால் இரண்டாவது பீட் 480-இல் விழ வேண்டும். என் விரல் விழுந்தது 497-இல். காதுக்கு இது குற்றமே இல்லை, சீக்வென்சரும் அப்படியே திருப்பி வாசித்துவிடும். தாளில்தான் 497 என்று ஓர் இடம் கிடையாது. அங்கே நோட்டுகள் பாதி பாதியாகக் குறையும்: 480-இன் பாதி 240, அதில் பாதி 120, பிறகு 60, 30. முப்பது வரை நுணுக்கமாகப் பார்க்கச் சொன்னால், 497-க்குப் பக்கத்தில் இருப்பது 480 அல்ல, 510. உடனே அங்கே 30 டிக் நீளமுள்ள ஒரு ஹெமிடெமிசெமிகுவேவர் ரெஸ்ட் முளைக்கிறது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அப்படிப் பத்து ரெஸ்ட் ஓடிப்போயிருக்கும்!

கல்லாறிலிருந்து குன்னூர் ஏறும் நம் ரயிலின் பல்சக்கரம், நடுத் தண்டவாளத்தில் பல் இருக்கும் இடத்தில்தானே பதியும்? குவான்டைஸ் செய்வதும், அதாவது தள்ளி விழுந்த நோட்டைப் பக்கத்து ஒழுங்கான இடத்துக்கு இழுப்பதும், அதுதான். 120 டிக்குக்கு ஒரு பல் வைத்தால் 497 சமர்த்தாக 480-க்கு வந்துவிடும். ஆனால் அதே பல், 160-லும் 320-லும் விழ வேண்டிய ட்ரிப்லெட்டை (ஒரு பீட்டில் மூன்று சம நோட்டு) 120-க்கும் 360-க்கும் இழுத்துப்போடும், பாட்டு நொண்டும். எது தாமதம், எது ட்ரிப்லெட் என்பது வாசித்தவருக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டர் தப்பே பண்ணாது என்பது நம் காலத்து மூடநம்பிக்கை. ஸி ஷார்ப்பா, டி ஃபிளாட்டா என்றுகூட மிடிக்குத் தெரியாது, ஒரே கட்டையின் இரண்டு பெயர்கள், இரண்டும் 61. எழுதும்போது மென்பொருள் ஊகிக்கிறது.

சீக்வென்சர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்றைய சீக்வென்சர்களில் பெரும்பாலானவை மைக் ஒலியையும் பதிவு செய்யும். நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்கள் ஊதும் 'கொள்' கருவியின் இசையை நொட்டேஷனின் ஐந்து கோட்டுக்குள் அடைக்க ஆய்வு நிதி கேட்பவர்கள், முதலில் அந்தப் பணத்தில் நல்ல மைக் வாங்கட்டும் என்பது என் கட்சி.

உங்களுக்கு வேண்டியது நான்கு குரல், கையில் தாள். எனவே நொட்டேஷன் மென்பொருள். தாளத்தோடு வாசித்துப் பதிய வேண்டாம், முதலில் நோட்டின் நீளத்தைத் தேர்ந்தெடுத்து, பிறகு கட்டையை அழுத்துங்கள். விரல் பத்து நிமிடம் கழித்து விழுந்தாலும் கிராட்செட் கிராட்செட்தான். முடித்ததும் மிடியாக ஏற்றுமதி செய்து சீக்வென்சரில் திறந்தால், நான்கில் ஒன்றான ஆல்ட்டோ குரலை மட்டும் சத்தமாக வைத்து, வீட்டில் பழக ஃபோனில் அனுப்பலாம்.