காந்தத்தில் ஒட்டிய வெள்ளி ரூபாய்

போன மாதம் எங்கள் வங்கிக் கவுண்டரில் ஒரு பெரியவர் மஞ்சப்பையைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே அத்தனையும் காசு.

"சார், இதுல வைஷ்ணோ தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய் இருக்கு. பத்து லட்சம் தர்றோம்னு போன்ல சொல்றாங்க. பதிவுக் கட்டணம் 4,500 மட்டும் முதல்ல கட்டணுமாம். அதை அனுப்பிக் குடுங்க."

நல்லவேளை, கேட்டுவிட்டு அனுப்ப வந்தார். அனுப்பிவிட்டுக் கேட்க வருகிறவர்கள்தான் எங்களுக்குப் பழக்கம்.

அது 2012 என்று ஆண்டு பொறித்த நினைவு நாணயம். சேகரிப்பவர்கள் கொஞ்சம் கூட்டித் தரலாம், லட்சமெல்லாம் கதை. பழைய காசு வாங்க, விற்க என்று ரிசர்வ் வங்கி யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவும் இல்லை. 2021 ஆகஸ்டிலேயே இதை அறிவித்துவிட்டார்கள். பணம் கட்டி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

பெரியவர் முகம் வாடிவிட்டது. பையின் அடியில் துணியில் முடிந்த நாலு ரூபாய்கள் இருந்தன. "அம்மாவோட வெள்ளி ரூபா" என்றார். விக்டோரியா தலை ஒன்று, 1918 ஒன்று, 1942 ஒன்று, புலி போட்ட 1947 ஒன்று. மேசையில் இருந்த குண்டூசி டப்பாவின் காந்த மூடியில் ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினேன். 1947 மட்டும் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

அது நிக்கல். வெள்ளி துளியும் கிடையாது. விக்டோரியா ரூபாயும் 1918-உம் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம், அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. இரண்டாம் உலகப் போரில் வெள்ளி தட்டுப்பாடானதும் 1940-லிருந்து வெள்ளியை நூற்றுக்கு 50 பங்காகக் குறைத்தார்கள். போர் முடிந்தபின் நிக்கலுக்கே மாறிவிட்டார்கள். நாலிலும் எழுதியிருப்பது ஒரே 'ஒரு ரூபாய்'தான். உருக்கினால் முதல் இரண்டிலும் தலா 10.7 கிராம் வெள்ளி, மூன்றாவதில் 5.8 கிராம், நாலாவதில் ஒன்றுமில்லை. லட்சம் என்று அவர் நம்பி வந்த காசைவிட, அம்மா முடிந்துவைத்த துணியில்தான் விலை இருந்தது.

மீதி எல்லாம் சில்லறை. ஓட்டைக் காலணா, ஓரணா, நயா பைசா. ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கு 1957 ஏப்ரல் 1-இல் 100 நயா பைசா ஆனது. நாலணா சரியாக 25. ஓரணா மட்டும் ஆறேகால் என்று வரவே 6 என்று வைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்து மளிகைக் கடைக்காரரிடம் கேட்டால் இதைப் பற்றித் தனிப் புராணமே படிப்பார்.

நாலணாக் காசுகளை நான் வாங்க முடியவில்லை. 25 பைசாவும் அதற்குக் கீழும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. எட்டணாவை எண்ணி வாங்கிக்கொண்டேன். பஸ்ஸிலும் கடையிலும் வாங்க மறுத்தாலும் 50 பைசா சட்டப்படி இன்றும் செல்லும். ஒரே தடவையில் பத்து ரூபாய் வரைக்கும் கொடுக்கலாம். பத்து ரூபாய் நாணயத்துக்கும் இதே கதிதான். 14 வடிவங்களில் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் சொன்ன பிறகும், "இது டூப்ளிகேட்" என்று தள்ளுகிற கடைகள் இருக்கின்றன.

கிளம்பும்போது பெரியவர், "வீட்டுக்குப் போய் புளி போட்டுப் பளபளன்னு தேய்ச்சு வச்சுடறேன்" என்றார். கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன். தேய்த்த காசுக்குச் சேகரிப்பவர்கள் விலையைக் குறைத்துவிடுவார்கள். கருப்பு அப்படியே இருக்கட்டும் ஐயா என்றேன். காந்தத்தில் ஒட்டியதையாவது தேய்க்கலாமா என்று கேட்டார்.